தரம் 12, 13 பெற்றோருக்கு: எத்தனை பரீட்சை, எவ்வளவு படிப்பு?

அன்பார்ந்த பெற்றோருக்கும் பாதுகாவலருக்கும்,

வணக்கம். காலபோக அறுவடை முடிந்து நெல் வீடு வந்துவிட்டது. ஒரு கடிதத்தை ஆறுதலாக இருந்து வாசிக்க உங்களுக்கு இப்போதுதான் நேரம் கிடைக்கும் என்று நினைத்து எழுதுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள். கூட்டத்தில் ஒலிவாங்கியைப் பிடித்துச் சொன்னால் பின்வரிசைக்குப் பாதிதான் கேட்கும்.

கடந்த பெற்றோர் கூட்டம் முடிந்ததும் அலுவலகத்துக்கு வந்த பலர் ஒரே கோரிக்கையோடுதான் வந்தார்கள். பிள்ளையை இல்ல விளையாட்டுப் போட்டிப் பயிற்சியிலிருந்து விடுவிக்க வேண்டும், தமிழ்த்தினப் போட்டிக்குப் பெயர் கொடுக்க வேண்டாம், சங்கீத வகுப்பை நிறுத்தப் போகிறோம் என்று. காரணம் கேட்டால், பல்கலைக்கழகம் போக எழுதும் க.பொ.த. உயர்தரத்தோடு சேர்த்து இன்னும் இரண்டு மூன்று பரீட்சைக்குப் பிள்ளை வீட்டிலிருந்தே படிக்கப் போகிறதாம். ஆங்கில டிப்ளோமா, கணினி டிப்ளோமா, கணக்கியல் சோதனை, ஒரு வீட்டில் லண்டன் பரீட்சையும், அதாவது பிரித்தானிய உயர்தரமும்.

ஒரு தகப்பனார் போனைத் திறந்து ஒரு படம் காட்டினார். கனடாவில் இருக்கும் மைத்துனர் அனுப்பியது. அவருடைய மகள் ஏழு ஏ.பி. பரீட்சை எழுதியிருக்கிறாள், சிலவற்றை வகுப்புக்கே போகாமல் தானே படித்து. “அவளுக்கு ஏலுமெண்டால் என்ர பிள்ளைக்கு ஏன் ஏலாது, சேர்?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. அவருக்குச் சொன்னதையே உங்கள் எல்லாருக்கும் சொல்கிறேன்.

ஏ.பி. என்பது அமெரிக்காவின் கொலேஜ் போர்ட் நடத்தும் பரீட்சை. கனடாவிலும் சில பாடசாலைகளில் உண்டு. பள்ளியில் இருக்கும்போதே பல்கலைக்கழக முதலாம் ஆண்டுத் தரத்தில் ஒரு பாடத்தைப் படித்து மே மாதத்தில் எழுதுவார்கள். வகுப்பில் சேராமல் தானாகப் படித்து எழுதவும் தடையில்லை. புள்ளி 1 முதல் 5 வரை. நல்ல புள்ளி வந்தால் பல பல்கலைக்கழகங்கள் அந்தப் பாடத்தைத் திரும்பப் படிக்கத் தேவையில்லை என்று விட்டுவிடும். விண்ணப்பத்துக்கும் அது பலம். ஒவ்வொன்றும் தனித்தனிச் சோதனை என்பதால் ஒன்றில் புள்ளி குறைந்தாலும் மற்றதைப் பாதிக்காது. ஆகவே அங்கே ஒரு பிள்ளை சில ஆண்டுகளில் பரப்பி ஐந்தாறு எழுதுவதில் கணக்கு இருக்கிறது.

“மருமகள் வேறென்ன செய்கிறாள்?” என்று அவரிடமே கேட்டேன். நீச்சலும் வயலினும் விட்டதில்லையாம். அந்தப் பிள்ளையை உதாரணம் காட்டி, தன் பிள்ளையின் விளையாட்டை நிறுத்தத்தான் அவர் வந்திருந்தார்! இருவரும் சிரித்துவிட்டோம்.

எங்கள் உயர்தரத்தின் கணக்கு வேறு. மூன்று பாடம், இரண்டு ஆண்டுப் பாடத்திட்டம் முழுவதும், ஒரே தடவையில். பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்ப்பது இசட் புள்ளியை. ஒரு பாடத்தில் நாட்டின் சராசரியிலிருந்து உங்கள் பிள்ளை எவ்வளவு மேலே அல்லது கீழே நிற்கிறது என்பதை, எல்லாருடைய புள்ளிகளும் எவ்வளவு பரந்து கிடக்கின்றன என்பதையும் சேர்த்து அது அளக்கிறது. சரியாகச் சராசரிப் புள்ளி எடுத்தால் இசட் 0. மூன்று பாடத்துக்கும் இப்படிக் கண்டு, மூன்றின் சராசரியைத்தான் எடுப்பார்கள். மூன்று பாடத்தோடு சேர்த்து எழுதும் பொதுச் சாதாரண பரீட்சையில் குறைந்தது 30 புள்ளி வேண்டும், ஆனால் அதுகூட இசட் புள்ளியில் சேராது. அப்படியிருக்க, டிப்ளோமாச் சான்றிதழ் எத்தனை இருந்தாலும் இசட் புள்ளியில் ஒரு தசமும் கூடப்போவதில்லை.

பெரும்பாலான கற்கைநெறிகளுக்கு 40 வீத இடம் அகில இலங்கைத் திறமை அடிப்படையில், 55 வீதம் மாவட்ட அடிப்படையில், மிச்சம் 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார், வவுனியா நான்கும் அந்தப் பட்டியலில் உண்டு. கிளிநொச்சி அறிவியல்நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல், விவசாய, தொழினுட்பப் பீடங்கள் எங்கள் வாசலிலேயே இருக்கின்றன. வவுனியா வளாகம் 2021இல் தனிப் பல்கலைக்கழகமாகிவிட்டது. ஒரு பிள்ளையின் வாரத்தில் இரண்டு மணித்தியாலம் மிச்சமிருந்தால், மூன்று பாடத்தில் எது பலவீனமோ அதற்குத்தான் அது போக வேண்டும். நான்காவது பரீட்சைக்கு அல்ல.

இனி, தானாகப் படிப்பது என்பதற்கு வருகிறேன். நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இதைத்தான்.

அண்மையில் தரம் 13 மாணவன் ஒருவனின் இணைந்த கணிதக் கொப்பிகளை வாங்கிப் பார்த்தேன். மூன்று ரியூசன், மூன்று கொப்பி. ஒரே அத்தியாயம், மூன்று ஆசிரியர்கள் செய்துகாட்டிய ஏறத்தாழ ஒரே கணக்குகள். தலைப்புக்குச் சிவப்பில் இரட்டைக் கோடு, முத்து முத்தான எழுத்து. “நீயாகத் தொடங்கி, நீயாகத் திணறி, நீயாக முடித்த கணக்கு ஒன்றைக் காட்டு” என்றேன். பக்கம் பக்கமாகப் புரட்டிக்கொண்டே நின்றான். சோம்பேறிப் பிள்ளை அல்ல. சனி, ஞாயிறு விடிய எழும்பி பஸ் பிடித்துப் போய் பொழுதுபட்டு வருகிறவன். படிப்பதற்கு அவனுக்கு நேரம்தான் இல்லை.

அந்தப் பாடத்தின் ஒரு வினாத்தாளை எடுத்துப் பாருங்கள். மூன்று மணித்தியாலம், 1000 புள்ளி. பகுதி ஏ-யில் 10 வினா, எல்லாமே செய்ய வேண்டும், ஒன்றுக்கு 25 புள்ளி. பகுதி பி-யில் 7இல் 5, ஒன்றுக்கு 150. இருக்கிற 180 நிமிடத்தைப் புள்ளிப்படி பிரித்தால் பகுதி ஏ முழுவதற்கும் 45 நிமிடம்தான். பகுதி பி-யில் ஒரு வினாவுக்கு 27 நிமிடம். இதற்குள் எந்த வினாவைத் தொடுவது, எதை விடுவது, வழி தவறினால் எந்த இடத்தில் வெட்டிவிட்டு அடுத்ததற்குப் போவது என்று பிள்ளை தானே முடிவெடுக்க வேண்டும். கரும்பலகையைப் பார்த்து எழுதி இந்தப் பழக்கம் வராது. மணிக்கூட்டை முன்னால் வைத்துத் தனியே செய்தால் மட்டும்தான் வரும்.

ஆகவே தரம் 12இன் இரண்டாம் தவணையிலிருந்தே பிள்ளைகளிடம் இப்படிச் செய்யச் சொல்கிறோம். முடிந்த அத்தியாயத்திலிருந்து ஒரு கடந்தகால வினாவை எடுப்பது, புத்தகத்தை மூடிவிட்டு உரிய நேரத்துக்குள் செய்வது. பிறகு பரீட்சைத் திணைக்களத்தின் புள்ளித்திட்டத்தை வைத்துத் தானே திருத்துவது, இரக்கம் பார்க்காமல். பிழைத்த வினாவை ஒரு தனிக் கொப்பியில் எழுதி, பக்கத்தில் காரணத்தையும் ஒரு வரியில் குறிப்பது: விஷயம் தெரியவில்லையா, வினாவைப் பிழையாக வாசித்தேனா, கூட்டல் கழித்தலில் விட்டேனா, நேரம் போதவில்லையா. இரண்டு வாரம் கழித்து அந்தக் கொப்பியில் உள்ளதை மட்டும் திரும்பச் செய்வது. நாலைந்து வாரத்தில் பிள்ளைக்குத் தன் ஓட்டை எங்கே என்று தெரிந்துவிடும். பல பிள்ளைகள் “எனக்கு நுண்கணிதம் வராது” என்பார்கள். கொப்பியைப் பார்த்தால் நுண்கணிதம் வந்திருக்கும், குறி மாற்றுவதில்தான் பிழை இருக்கும்.

கலைப்பிரிவுக்கும் இதே முறைதான். வரலாறோ புவியியலோ, விடை முழுவதையும் எழுத வேண்டியதில்லை. ஐந்து நிமிடத்தில் விடையின் எலும்புக்கூட்டை எழுதிவிட்டுப் புள்ளித்திட்டத்தோடு ஒப்பிட்டால் போதும். பாடமாக்கி ஒப்புவிக்கிற பிள்ளைக்கு முதலில் இது கசக்கும்.

தேசிய கல்வி நிறுவகத்தின் ஆசிரியர் வழிகாட்டிகளும் வளநூல்களும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. கல்வி அமைச்சின் இ-தக்சலாவ தளத்திலும் பாடங்கள் உண்டு. டேற்றா போட வசதியில்லாத பிள்ளை பாடசாலைக் கணினி அறையில் இறக்கிக்கொள்ளலாம். வினாத்தாள்களும் புள்ளித்திட்டங்களும் நூலகத்தில் இருக்கின்றன. படியெடுக்க மட்டும் காசு கொண்டுவந்தால் போதும். எங்களிடம் சில பாடங்களுக்கு ஆசிரியர் வெற்றிடம் இருப்பது உங்களுக்குத் தெரியும், மறைக்க ஒன்றுமில்லை. அந்தப் பாடங்களுக்கு ரியூசன் தேவைதான். ஆனால் பாடத்துக்கு ஒருவர் போதும். அந்த ஒருவரிடமும் பிழைக் கொப்பியைக் கொண்டுபோய்க் கேள்வி கேட்கிற பிள்ளைக்குத்தான் காசுக்கேற்ற பலன்.

விளையாட்டு, சங்கீதம், பேச்சுப் போட்டி விஷயத்தில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரன். பிள்ளை பின்னேரம் ஒரு மணித்தியாலம் ஓடி வியர்த்துவிட்டு வந்தால் இரவு இருந்து படிக்கும். அந்த நேரத்தை மிச்சம் பிடித்த பிள்ளை போனோடு படுத்துக் கிடக்கும். இதை நீங்களே வீட்டில் பார்த்திருப்பீர்கள். பாடத்துக்கு வெளியே விசேட திறமை காட்டியவர்களுக்குப் பல்கலைக்கழக அனுமதியில் தனி ஏற்பாடும் இருக்கிறது. நுண்கலைக் கற்கைநெறிகளுக்கு உளச்சார்புப் பரீட்சை வைப்பார்கள். வட இலங்கை சங்கீத சபைப் பரீட்சையில் சில தரங்களைத் தாண்டிவந்த பிள்ளையை உயர்தரத்துக்காக இடையில் மறிப்பது, நெல் குடலை பருவத்தில் நிற்கும்போது வாய்க்காலை அடைப்பது மாதிரி.

அதற்காக எல்லாவற்றையும் கட்டிப் பிடித்துக்கொண்டிருக்கச் சொல்லவில்லை. ஒரு விளையாட்டு அல்லது ஒரு கலை, அதோடு பாடசாலையில் ஒரு பொறுப்பு. மாணவர் தலைவர், வலைப்பந்து, பாண்ட், சாரணர், உயர்தர மாணவர் ஒன்றியச் செயலாளர் என்று ஒரே பிள்ளையின் தலையில் ஐந்து பொறுப்பு இருந்தால் அது எங்கள் பக்கத்துப் பிழை. பகுதித் தலைவர்களிடம் சொல்லியிருக்கிறேன், இந்தத் தவணையிலேயே பிரித்துக் கொடுப்பார்கள்.

மேலதிகப் பரீட்சைகளை முற்றாக வேண்டாம் என்றும் நான் சொல்லவில்லை. அதற்கு ஒரு காலம் உண்டு. சாதாரண தரம் எழுதிவிட்டு உயர்தரம் தொடங்கும் வரை ஒரு இடைவெளி. உயர்தரம் எழுதிப் பெறுபேறு வந்து பல்கலைக்கழகம் போகும் வரை இன்னும் நீண்ட இடைவெளி. ஆங்கிலமும் கணினியும் அங்கே வடிவாகப் பொருந்தும். வர்த்தகப் பிரிவுப் பிள்ளை கணக்கியல் சோதனை ஒன்றைச் சேர்த்து எழுதலாம், பாடம் ஒத்துப்போகும், அதிகம் கெடாது. லண்டன் பரீட்சைக்கு மட்டும் என் பதில் வேண்டாம் என்பதுதான். பாடத்திட்டம் வேறு, மொழி வேறு, கட்டணமும் அதிகம். இரண்டையும் ஒன்றாக இழுத்தால் இரண்டும் அரைகுறையாகத்தான் முடியும்.

“நாங்கள் குப்பிவிளக்கில் படிச்சனாங்கள்” என்று சிலர் பிள்ளைகளிடம் சொல்வீர்கள். உண்மை. 2009 ஓகஸ்ட்டில், போரால் இடம்பெயர்ந்து மெனிக் பாம் முகாமில் இருந்துகொண்டு உயர்தரம் எழுதிய பிள்ளைகளும் இந்த மண்ணில் இருக்கிறார்கள். அவர்களுக்கு முன்னால் இருந்தது அந்த ஒரு பரீட்சைதான்.

இனி வீட்டு விஷயம். 2024இலும் 2025இலும் பரீட்சை நவம்பரில் வந்தது, எங்கள் மாரியும் அப்போதுதான். 2024இல் நவம்பர் 25ஆம் திகதி தொடங்கிய பரீட்சையை மழை வெள்ளத்தால் 27ஆம் திகதியே நிறுத்தி, டிசம்பரில்தான் தொடர்ந்தார்கள். குளம் வான்பாய்ந்து றோட்டு மூடுகிற கிராமங்களிலிருந்து வரும் பிள்ளைகளுக்கு, பரீட்சை நிலையத்துக்குக் கிட்ட எந்த உறவினர் வீட்டில் தங்கலாம் என்று இப்போதே பேசி வையுங்கள். விதைப்பும் உரம் போடுவதும் அந்த மாதங்களில்தான் வரும். அப்போது பிள்ளையை வயலுக்குக் கூப்பிடாதிருக்க, கூலிக்கு ஆள் பார்ப்பதா, முறைக்கு முறை கைமாற்றாக வேலை செய்வதா என்பதை முன்கூட்டியே யோசியுங்கள். மாமனும் சித்தப்பனும் இல்லாத ஊரா எங்கள் ஊர்?

பெண்பிள்ளைகளைப் பற்றித் தனியே ஒன்று. பாடசாலை விட்டுப் போனதும் தண்ணீர், சமையல், தம்பி தங்கை என்று அவர்களுடைய பின்னேரம் கரைந்துவிடுகிறது. அண்ணன் படிக்கும்போது வீடு அமைதியாக இருக்கிறது, தங்கை படிக்கும்போது இருபது தரம் பேர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். நாளுக்கு இரண்டு மணித்தியாலம், எந்த நேரம் என்பதை அவர்களே சொல்லட்டும். அந்த நேரத்தில் கூப்பிடாதீர்கள்.

விடியும் முன் காட்டுக்கரை றோட்டால் சைக்கிளில் ரியூசனுக்கு அனுப்புவதையும் நிறுத்துங்கள். யானை நடமாட்டம் கூடியிருக்கிறது. அந்த ஒன்றரை மணித்தியாலத்தைப் பிள்ளை வீட்டிலிருந்து படிக்கட்டும்.

இந்தக் கடிதத்தோடு ஒரு படிவம் இருக்கிறது. பிள்ளை எழுதவிருக்கும் பரீட்சைகள், போகும் ரியூசன்கள், ஈடுபடும் விளையாட்டு அல்லது கலை, வீட்டில் தனியாகப் படிக்கும் நேரம் இவற்றைப் பிள்ளையோடு இருந்து நிரப்பி, வரும் வெள்ளிக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் கொடுங்கள். விளையாட்டிலிருந்து விடுவிக்கக் கேட்டவர்களும் இதை நிரப்பித் தந்த பிறகு என்னை வந்து சந்திக்கலாம். இந்தத் தவணை முழுவதும் நூலகம் பின்னேரம் 5.30 வரை திறந்திருக்கும். தூரத்துப் பிள்ளைகள் கடைசி பஸ்ஸைத் தவறவிடாமல் 4.45க்கே புறப்படும்படி நூலகப் பொறுப்பாசிரியரிடம் சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
அதிபர்