விரல் அசைந்தது, நீ சொன்னதுதான் சரி

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. பதில் போடாததற்குக் காரணம் சோம்பல்தான், வேறு சாக்கு இல்லை. முழங்கால் வலி தேவலையா? மாடிப்படி ஏறுவதை விட்டுவிட்டேன் என்று எழுதியிருந்தாய், நல்ல காரியம்.

சரி, பழைய பாக்கி ஒன்று இருக்கிறது, அதைத் தீர்த்துவிடுகிறேன். ‘ஹவுஸ் ஆஃப் அஷர்’ என்கிற அந்தப் பழைய பேய்ப்படத்தைப் போன வாரம் மறுபடி பார்த்தேன். சவப்பெட்டியில் கிடக்கும் மேடலினின் விரல் அசைகிறதா இல்லையா என்று ஒரு ராத்திரி முழுக்கச் சண்டை போட்டோமே, அந்தப் படம். அசைகிறது. மூன்று தடவை பின்னால் ஓட்டிப் பார்த்துவிட்டேன். அண்ணன்காரன் ரோடரிக் அதைப் பார்த்தும் விடுகிறான். பார்த்த கையோடு பெட்டியை மூடிவிடுகிறான். பக்கத்திலேயே நிற்கும் பிலிப், அவளைக் கட்டிக்கொள்ள வந்தவன், கவனிக்கவே இல்லை. இத்தனை வருஷமாக நானும் பிலிப் மாதிரிதான் இருந்திருக்கிறேன்!

அந்த விரலைப் பார்த்த பிறகு படமே வேறாகிவிட்டது. முன்னோர்களின் ஓவியங்களை ஒவ்வொன்றாகக் காட்டி ரோடரிக் பாவக்கணக்கு வாசிப்பானே: ஒருவன் கடத்தல்காரன், அடிமை வியாபாரி, ஒருத்தி கொலைகாரி, கடைசியில் பைத்தியக்கார விடுதியில் செத்தவள். அந்த முகங்களை வரைந்தவர் பர்ட் ஷோன்பெர்க். சாயத்தில் ஊறிப்போன பேய்கள் மாதிரி இருக்கும். ரோடரிக்காக நடித்த வின்சென்ட் பிரைஸின் அந்தக் குழைந்த குரலில் கேட்கும்போது, குடும்ப ரகசியம் இதுதான் என்று நாமும் நம்பிவிடுகிறோம். இதையெல்லாம் அவன் வந்த விருந்தாளியிடமே வாய்விட்டுச் சொல்கிறான், அப்புறம் இதில் என்ன ரகசியம்? மறைத்தது ஒன்றே ஒன்றுதான். தங்கைக்கு உடம்பு விறைத்து, மூச்சிருப்பதே தெரியாமல் பிணம்போல் கிடக்கும் நோய் உண்டு. அது அவனுக்குத் தெரியும். வேலைக்காரக் கிழவன் வாய் தவறி உளறுகிறவரை பிலிப்புக்குத் தெரியாது. பாவத்தால் சாபம் பிடித்த வம்சம் தன்னோடு முடியவேண்டும், அவள் கல்யாணம் செய்து பிள்ளை பெறக்கூடாது என்று நினைத்தவனுக்கு, அந்த நோய் கைக்கு வாகாக வந்த ஆயுதம்.

காதைப் பற்றியும் சொல்லவேண்டும். சின்னச் சத்தமும் அவனுக்கு ஆகாது. அதனால் பிலிப் வந்ததுமே பூட்ஸைக் கழற்றவேண்டியிருக்கிறது. அதே காதால்தான் தங்கை சவப்பெட்டியைப் பிறாண்டுவதையும் கேட்டுக்கொண்டு சும்மா இருக்கிறான். இந்தத் தடவை எனக்கு வயிற்றைப் பிசைந்த இடம் அதுதான், கடைசியில் வரும் தீகூட இல்லை.

எட்கர் ஆலன் போ 1839-ல் எழுதிய மூலக்கதையில் வீட்டுக்கு வருகிறவன் பெயரில்லாத ஒரு பழைய நண்பன். திரைக்கதை எழுதிய ரிச்சர்ட் மாதிசன் அவனைக் காதலனாக மாற்றிவிட்டார். கெட்டிக்காரர். நண்பனாக இருந்தால் அனுதாபப்பட்டுவிட்டுப் போய்விடுவான். காதலன்தான் ‘சாபமாவது மண்ணாவது, நான் கூட்டிக்கொண்டு போகிறேன்’ என்று மல்லுக்கு நிற்பான். ரோஜர் கோர்மன் 1960-ல் இதைப் பதினைந்தே நாளில் எடுத்து முடித்தார் என்பதை நம்பவே முடியவில்லை. பூதம் இல்லாமல் என்ன பேய்ப்படம் என்று தயாரிப்பு நிறுவனத்தில் இழுத்ததற்கு, ‘வீடுதான் பூதம்’ என்று சொல்லிச் சமாளித்தாராம்.

என் சேதி ஒன்று. போன மாதம் எனக்கு 59 முடிந்தது. அப்பா 58-ல் போனார், தாத்தா 57-ல். ‘நம்ம வம்சத்துக்கு அறுபது கிடையாது’ என்று அத்தை ஒருத்தி சொல்லிவைத்ததை வீட்டில் யாரும் மறக்கவில்லை. இதயத்தைப் படம் எடுத்துப் பார்த்து ஒன்றுமில்லை என்று டாக்டர் சொல்லியும், நான் மத்தியானம் கண்ணயர்ந்தால் யாராவது ஒருத்தர் வந்து எட்டிப் பார்க்கிறார்கள். நேற்று மகள் மூக்குக்கு நேரே விரல் வைத்துப் பார்த்தாள். கண்ணைத் திறக்காமலே காலை ஆட்டிக் காட்டினேன். கத்திவிட்டாள் பாவம்.

அன்றைக்குப் பந்தயம் கட்டியது என்னுடைய பச்சைப் பேனாவை என்று ஞாபகம். இன்னும் இருக்கிறது, நிப் மட்டும் கொஞ்சம் வளைந்திருக்கிறது. வரும்போது வாங்கிக்கொள்.

அன்புடன்,
ராகவன்