பில் மெஷினுக்கு நெட் வேண்டாம்

அன்பு மாப்ளே,

இங்கே எல்லாரும் நலம். தங்கச்சியும் பிள்ளைகளும் சுகம்தானே? உன் கடிதம் வந்து மூன்று வாரமாகியும் பதில் போடாதது என் தப்பு. திட்டுவதை நேரில் வைத்துக்கொள்.

கடையில் பில் போடுகிற மெஷின் இன்னும் விண்டோஸ் 7, அதில் நெட்டும் ஓடுகிறது என்று போகிற போக்கில் எழுதிவிட்டாய். எனக்குத்தான் மனசு ஆறவில்லை. அதற்கு இலவசப் பாதுகாப்பு அப்டேட் 2020 ஜனவரி 14-ஓடு நின்றுவிட்டது. மெஷினை மாற்றும்வரை நெட்டை நிறுத்து.

ஒயரைப் பிடுங்கினால் பிரிண்டரும் போய்விடும். அதனால் கடைக்குள் மெஷினையும் பிரிண்டரையும் இணைக்கும் லேன் இருக்கட்டும், வெளிவாசலை மட்டும் அடைப்போம். முதலில் பில் டேட்டாவை ஒரு பென்டிரைவில் எடுத்து, கழற்றித் தனியே வை. பிறகு விண்டோஸ் பட்டனோடு ஆர் அழுத்தி 'என்சிபிஏ டாட் சிபிஎல்' (ncpa.cpl) என்று அடி. லோக்கல் ஏரியா கனெக்‌ஷனில் ரைட் கிளிக், ப்ராப்பர்ட்டீஸ், அதில் ஐபி வெர்ஷன் 4; மெஷினுக்கு நெட்வொர்க் எண் கொடுக்கும் இடம் அதுதான். பிரிண்டர் 192.168.1 வரிசையில் இருந்தால் மெஷினுக்கு 192.168.1.240 கொடு, மாஸ்க் 255.255.255.0. வெளியே போகும் வாசலான கேட்வேயும், இணையப் பெயர்களுக்கு எண் தேடித் தரும் டிஎன்எஸ்ஸும் காலியாகவே இருக்கட்டும். ரவுட்டர் தானாகப் பங்கிடும் எண்களுக்குள் 240 வருகிறதா என்று பார்த்துக்கொள். வந்தால் இன்னொரு கருவியோடு முட்டும். பிரிண்டருக்கும் நிலையான எண் வேண்டும். இல்லாவிட்டால் ஒருநாள் எண் மாறி 'ஆஃப்லைன்' என்று நிற்கும்.

பலரும் கோட்டை விடுவது இதற்கப்புறம்தான். அதே பெட்டியில் வெர்ஷன் 6 டிக்கை எடுத்தே ஆகவேண்டும். இப்போதைய பிராட்பேண்ட் ரவுட்டர்கள் பல அந்த வழியாகத் தாமாகவே கேட்வே கொடுத்துவிடும். நீ 4-ஐ அடைத்து நிம்மதியாக இருப்பாய், 6 வழியாக நெட் ஓடிக்கொண்டிருக்கும். முடித்ததும் பிரவுசரைத் திற; எந்தப் பக்கமும் வரக்கூடாது. கடிகாரத்துக்குப் பக்கத்தில் மஞ்சள் முக்கோணம் வந்தால் பதறாதே, அதுதான் நமக்கு வேண்டும்.

நெட் இல்லையென்றால் வைரஸ் வராது என்று மட்டும் நினைக்காதே. 2017 மே மாதம் உலகத்தையே ஆட்டிய, ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்ட வான்னாக்ரை வைரஸ், ஒரு மெஷினில் புகுந்ததும் லேன் வழியாகவே பக்கத்து மெஷினுக்குத் தாவியது. ஃபைல் ஷேரிங்கில் இருந்த ஓட்டைதான் அதற்கு வழி. அதனால் 'ஃபைல் அண்ட் பிரிண்டர் ஷேரிங்' டிக்கையும் எடு. உன் பிரிண்டர் நேராக ரவுட்டரில் இருப்பதால் பில் வருவதற்குத் தடையில்லை. கடைப் பையன் சார்ஜ் போடுகிறேன் என்று யூஎஸ்பியில் போனைச் சொருகி, போன் நெட்டை மெஷினுக்குக் கொடுக்கும் டெதரிங்கைத் தட்டினால் எல்லாம் வீண். அவனுக்குத் தனியாக ஒரு சார்ஜர் வாங்கிக் கொடு.

இன்னொன்று. நெட் நின்றால் மெஷினின் மணி தானாகத் திருந்தாது. மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 பட்டன் பேட்டரி தீர்ந்திருந்தால், கரண்டை நிறுத்திப் போடும்போதெல்லாம் தேதி பல வருடம் பின்னால் போய், ஜிஎஸ்டி பில்லில் தப்பாக விழும். இப்போதே புதிது போட்டுவிடு. காலையில் முதல் பில்லுக்கு முன் தேதியைப் பார்ப்பதையும் பழக்கமாக்கிக்கொள்.

நம் ஒல்லியிடம் ரிமோட்டில் செய்யச் சொல்லாதே. கேட்வேயை எடுத்த நொடியே அவன் தொடர்பும் அறுந்துவிடும், பாதி வேலையில் நிற்பாய். ஞாயிறு கடை மூடியதும் மெஷின் முன்னால் உட்கார்ந்து நீயே செய். பிரிண்டர் மக்கர் பண்ணினால் எத்தனை மணியானாலும் எனக்குப் போன் போடு.

அன்புடன்,
உன் மச்சான்