மட்சாவும் காப்பியும்: மங்கைக்கு ஒரு கடிதம்

நகோயா,
ஆகஸ்ட் 17

அன்புள்ள மங்கை,

உன் கடிதம் வந்து சேர்ந்தது. அப்பாவின் கண் அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்ததில் பெரிய நிம்மதி. சொட்டு மருந்தை நேரத்துக்குப் போட்டுக்கொள்ள மாட்டேன் என்கிறார் என்று எழுதியிருக்கிறாய். ஊர்ப் பிள்ளைகளையெல்லாம் மணியடித்து வகுப்புக்கு அனுப்பிய தலைமையாசிரியருக்குத் தன் மருந்துக்கு மட்டும் மணி பார்க்க மனம் வரவில்லை பார். நான் விசாரித்ததாகச் சொல். திட்டியதாகவும் சொல்.

இங்கே எல்லோரும் நலம். இவருக்கு ஆலையில், முன்னோரை நினைக்கும் ஓபோன் பண்டிகை விடுமுறை முடிந்துவிட்டது. திருச்சி வெயிலில் வளர்ந்தவள் என்று நகோயாவில் நான் யாரிடமும் பெருமை பேசுவதில்லை. இந்த ஊர் ஆகஸ்டின் புழுக்கம் அப்படி. காலையில் துவைத்துப் போட்ட துணி மாலையிலும் ஈரமாகவே தொங்குகிறது.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். நிலா சென்னையில் ஒரு கடையில் மட்சா என்கிற பச்சைத் தேயிலைத் தூளும் எஸ்பிரெசோ என்கிற கடும் காப்பியும் பாலில் கலந்த லாட்டே குடித்துவிட்டு வந்து, "சுமதி அத்தை ஜப்பானில்தானே இருக்கிறார், அவரிடம் கேட்டு வீட்டில் செய்து கொடு" என்று உன்னை நச்சரிக்கிறாள் என்று எழுதியிருந்தாய். ஒரு கோப்பைக்கு அவள் கொடுத்த விலையைப் படித்ததும் எனக்கே தூக்கிவாரிப் போட்டது. வீட்டில் தாராளமாகச் செய்யலாம். ஆனால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கடைக்காரர்கள் ஊற்றும் காப்பியில் பாதி போதும். இந்தப் பானம் கெடுவதெல்லாம் பெரும்பாலும் காப்பி அதிகமாவதால்தான். மட்சாவின் மணம் மெல்லியது. காப்பி முழு அளவில் உள்ளே வந்தால், மிஞ்சுவது பச்சை நிறம் கலந்த பால் காப்பி.

இதை எனக்கு முதலில் புரியவைத்தவர் நிஷியோவில் தேயிலைத் தூள் விற்கும் ஒரு கடைக்கார அம்மாள். நிஷியோ எங்கள் ஐச்சி மாகாணத்திலேயே இருக்கிற ஊர். நகோயாவிலிருந்து மெய்டெட்சு ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். மட்சா என்றால் எல்லோரும் கியோட்டோ பக்கத்து உஜியைத்தான் சொல்வார்கள். நிஷியோக்காரர்களுக்கு அதில் கொஞ்சம் வருத்தம் உண்டு. யஹாகி ஆற்றங்கரையில் இருக்கும் அந்த ஊரில், 1271இல் ஜிஸ்ஸோஜி கோவிலைத் தோற்றுவித்த துறவி தேயிலை விதை நட்டதாகச் சொல்லிக்கொள்கிறார்கள். தோட்டங்கள் பெருகியது என்னவோ 1868இல் தொடங்கிய மெய்ஜி காலத்தில்தான். அந்தக் கடையில் நான் விலை உயர்ந்த டின் ஒன்றைக் கையில் எடுத்து, பாலும் காப்பியும் சேர்க்கப் போகிறேன் என்றேன். அந்த அம்மாள் ஒரு வார்த்தை பேசவில்லை. என் கையிலிருந்த டின்னை மெதுவாக வாங்கிப் பழைய இடத்தில் வைத்துவிட்டு, பாதி விலையில் இன்னொன்றை எடுத்துக் கொடுத்தார். விற்க வந்தவரே அப்படிச் செய்தால் அதில் விஷயம் இருக்கத்தானே வேண்டும்?

விஷயம் இதுதான். நல்ல மட்சாவுக்கான செடியைப் பறிப்பதற்கு மூன்று, நான்கு வாரங்களுக்கு முன்பே பந்தல் கட்டிக் கறுப்பு வலையால் மூடிவிடுகிறார்கள். ஏப்ரல் கடைசியில் போனால் ஊரே கறுப்புப் போர்வைக்குள் இருக்கும். வெளிச்சம் குறைந்த செடி, கிடைக்கிற கொஞ்ச வெளிச்சத்தையும் விடாமல் பிடித்துக்கொள்வதற்காகப் பச்சையத்தைப் பெருக்கிக்கொள்கிறது. வேரில் உண்டாகும் தியானின் என்ற அமினோ அமிலம் வெயில் பட்டால் துவர்ப்புப் பொருளாக மாறிவிடும். நிழலில் அந்த மாற்றம் குறைவதால் இலையிலேயே தங்கிவிடுகிறது. அதனால்தான் அந்தக் கரும்பச்சையும், நாக்கில் கொஞ்ச நேரம் நிற்கும் அந்த இனிப்பும். பிறகு இலையை ஆவியில் அவித்து, சுருட்டாமல் உலர்த்தி, காம்பும் நரம்பும் நீக்கி, கல் இயந்திரத்தில் அரைக்கிறார்கள். வேகமாக அரைத்தால் சூடேறி மணம் போய்விடும் என்பதால் கல் மிக மெதுவாகத்தான் சுற்றும். ஒரு கல்லிலிருந்து ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 40 கிராம் தூள் கிடைத்தாலே அதிகம். இத்தனை பாடுபட்டு அவர்கள் காப்பாற்றி வைத்த நுட்பத்தை எஸ்பிரெசோ ஒரே நொடியில் அடித்துவிடும். கொஞ்சம் கசப்பும் முரட்டுத்தனமும் உள்ள நடுத்தரத் தூள்தான் பாலையும் காப்பியையும் மீறித் தன் குரலைக் காட்டும்.

இணையத்தில் வாங்கப் போகும்போது "செரிமோனியல் கிரேடு", அதாவது சடங்குக்குரிய தரம், என்ற அச்சைப் பார்த்து மயங்கிவிடாதே. ஜப்பானில் அப்படி ஒரு சட்டப்பூர்வமான தரப் பிரிவு கிடையாது. விற்கிறவர் தம் விருப்பப்படி போட்டுக்கொள்வதுதான். நிறத்தைப் பார். மஞ்சள் படர்ந்தோ காய்ந்த புல் நிறத்திலோ இருந்தால் வேண்டாம். 2024 இலையுதிர் காலத்திலிருந்தே உலகம் முழுவதும் இதற்கு அலைமோதுகிறார்கள். உஜியின் பழைய கடைகள்கூட ஒருவருக்கு இத்தனை டின்தான் என்று வரம்பு வைக்க வேண்டியதாயிற்று. அதனால் விலையும் ஏறிக் கிடக்கிறது. 30 கிராம் டின் போதும். கோப்பைக்கு 2 கிராம் என்று வைத்தால் 15 கோப்பை வரும். திறக்காத டின்னைக் குளிர்பெட்டியில் வை. எடுத்த உடனே திறக்காதே. அறைச் சூட்டுக்கு வந்த பிறகு திற, இல்லாவிட்டால் உள்ளே ஈரம் கோத்துத் தூள் கட்டியாகிவிடும். திறந்தபின் ஒரு மாதத்துக்குள் தீர்த்துவிடு.

இனிச் செய்முறை. ஒரு தேக்கரண்டித் தூளைத் தலை தட்டி எடுத்து, டீ வடிகட்டியில் போட்டுக் கரண்டியால் தேய்த்துக் கிண்ணத்தில் சலித்துக்கொள். இதைச் சோம்பேறித்தனத்தால் விட்டுவிடாதே. சலிக்காத தூள் கடைசி வாய் வரை கட்டி கட்டியாக வந்து கழுத்தறுக்கும். அடுத்தது தண்ணீர். கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் கசப்பு முழுவதும் வெளியே வந்துவிடும். ஏற்கெனவே காப்பியின் கசப்பு வரப் போகிறது, இரண்டும் சேர்ந்தால் தாங்காது. 75 அல்லது 80 டிகிரி போதும். இங்கே அதற்கென்று தனியாக ஆற்றும் பாத்திரம் வைத்திருக்கிறார்கள். உன்னிடம் டபராவும் டம்ளரும் இருக்கின்றன. கொதித்த நீரை டம்ளரிலிருந்து டபராவுக்கு ஒருமுறை, திரும்ப ஒருமுறை ஊற்றினால் ஏறத்தாழ அந்தச் சூட்டுக்கு வந்துவிடும். தேயிலைச் சடங்கு படித்த என் பக்கத்து வீட்டு அம்மாளிடம் இதைச் செய்து காட்டியபோது, டபராவை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, எங்கே கிடைக்கும் என்று கேட்டார்!

முதலில் இரண்டு கரண்டி நீர் மட்டும் விட்டுக் குழைத்துக்கொள். விழுது போல ஆனதும் இன்னும் கொஞ்சம் விட்டு, மொத்தம் 40 மில்லிக்கு மேல் போகாமல் நுரைக்க அடி. அடிப்பதற்கு இங்கே சாசென் என்று மூங்கிலை மெல்லிய இழைகளாகச் சீவிச் செய்த கருவி உண்டு. நாரா மாகாணத்தின் தகயாமா கிராமம்தான் அதற்குப் பேர்போனது. வட்டமாகச் சுற்றாமல், மணிக்கட்டை மட்டும் அசைத்து முன்னும் பின்னுமாக அடிக்க வேண்டும். பேட்டரியில் சுழன்று பாலை நுரைக்கவைக்கும் ஃப்ராதரை நிலா வைத்திருப்பாள், அதுவே போதும். பாலில் கலக்கப் போகிற தேநீருக்கு மூங்கில்தான் வேண்டும் என்று அடம் பிடிப்பது எனக்கு வேடிக்கையாகத்தான் படுகிறது. சர்க்கரை போடுவதானால் இப்போதே, இந்தப் பச்சை விழுதிலேயே கரைத்துவிடு. சர்க்கரை கலந்த விழுது கனமாகி அடியில் உட்கார்ந்துகொள்ளும். சடங்கில் முதலில் இனிப்பைத் தின்றுவிட்டுத்தான் மட்சாவைக் கையில் எடுப்பார்கள் என்பதால், ஒரு தேக்கரண்டி சர்க்கரையில் மரபுக்கு ஒன்றும் பழுது வந்துவிடாது.

பாலைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம் ஊர்ப் பாலைக் காய்ச்சாமல் பயன்படுத்த முடியாது. காய்ச்சி, ஆறவைத்து, ஆடையை முழுவதும் எடுத்துவிட்டுக் குளிரவை. ஆவின் ஆரஞ்சு உறை 6 சதவீதக் கொழுப்பு, இதற்குக் கொஞ்சம் அதிகம்; பச்சை உறை சரியாக இருக்கும். கண்ணாடி டம்ளரில் விழுதை ஊற்றி, பனிக்கட்டிகளைப் போட்டு, 150 மில்லி குளிர்ந்த பாலை மெதுவாக விடு. காப்பி கடைசியில். அதைப் பனிக்கட்டியின் மேலோ ஒரு கரண்டியின் முதுகிலோ வழியவிட்டால், சூடான காப்பி குளிர்ந்த பாலைவிட லேசானது என்பதால் மேலேயே நிற்கும். பச்சை, வெள்ளை, பழுப்பு என்று மூன்று அடுக்கு. நிலாவுக்குப் படம் எடுக்க வேண்டியது அதைத்தானே? படம் எடுத்ததும் ஸ்ட்ராவைத் தூக்கிப் போடச் சொல். ஸ்ட்ரா போட்டால் அடியிலிருக்கும் தேநீர்தான் முதலில் காலியாகும், காப்பி தனியாக மிஞ்சும். விளிம்பில் வாய் வைத்துக் குடித்தால் காப்பி முன்னே வந்து, பாலும் தேநீரும் பின்னாலேயே வரும். அந்த வரிசைக்காகத்தான் இந்தப் பானத்தையே குடிக்கலாம். முழுவதும் கலக்கிவிட்டால் ஏரிச் சேற்று நிறம். ருசி மோசமில்லை, பார்க்கத்தான் சகிக்காது.

எஸ்பிரெசோ இயந்திரத்துக்கு எங்கே போவேன் என்று கேட்டிருந்தாய். கடையில் 18 கிராம் தூளில் 9 பார் அழுத்தத்தில் நீரைச் செலுத்தி, அரை நிமிடத்துக்குள் 36 கிராம் போல இறக்குகிறார்கள். அது இரட்டை அளவு. உனக்கு அதில் பாதி, 20 மில்லி இருந்தால் போதும். வீட்டுக்கு இத்தாலிக்காரர்களின் மோக்கா பாத்திரம் நல்ல வழி. பியாலெட்டி நிறுவனம் 1933இல் கொண்டுவந்தது, இன்றுவரை வடிவம் பெரிதாக மாறவில்லை. அடுப்பில் வைத்தால் ஆவி நீரைத் தூளின் வழியே மேலே தள்ளும். எஸ்பிரெசோவின் அழுத்தமும் பொன்னிற நுரையும் வராது, ஆனால் பாலுக்கு ஈடுகொடுக்கும் காப்பி கிடைக்கும்.

அதுவும் வேண்டாம் என்றால் உன் பித்தளை ஃபில்டர் இருக்கவே இருக்கிறது. முதல் டிகாக்‌ஷன், கள்ளிச்சொட்டாக இறங்கியது, 20 மில்லி. ஒரே நிபந்தனை: சிக்கரி கலக்காத தூள். சிக்கரி பாலோடு மட்டும் சேரும்போது அருமைதான், மறுக்கவில்லை. ஆனால் அதன் கருகிய வெல்ல வாசம் மட்சா மேல் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்காது. பீபெரி என்கிற ஒற்றை விதைக் கொட்டை மட்டும், அதிகம் கருகாமல் வறுத்து அரைத்துத் தரச் சொல். இதை நான் செய்து பார்த்துவிட்டேன், மோக்கா காப்பியைவிட எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது. ஊர்ப்பற்று என்று நினைத்துக்கொண்டால் நினைத்துக்கொள்.

சூடாகவும் செய்யலாம், மழை நாளுக்கு நன்றாக இருக்கும். பாலை 65 டிகிரிக்கு மேல் போகவிடாதே. அதற்கு மேல் மட்சாவின் நிறமும் மங்கும், காய்ச்சிய பாலின் வாசமும் தூக்கலாக வரும். சூட்டில் அடுக்கு நிற்காது, அதனால் காப்பியை இன்னும் குறைத்துவிடு.

இந்த ஊரின் பழைய கிஸ்ஸாத்தென் காப்பிக் கடைகளில் இந்தக் கலவையை யாரும் கேட்பதில்லை. காலையில் அங்கே ஒரு காப்பி வாங்கினால் ரொட்டியும் அவித்த முட்டையும் அதே விலைக்குள் வந்துவிடும். மார்னிங் என்று அதற்குப் பெயர். ரொட்டியின் மேல் சிவப்புப் பயற்று விழுதைத் தடவித் தருவதும் உண்டு. தேங்காய்ப் பூரணம் தின்று வளர்ந்த எனக்கு அது முதல் நாளிலிருந்தே பிடித்துப்போயிற்று. அங்கு வரும் தாத்தாக்கள் காப்பியைக் காப்பியாக, தேநீரைத் தேநீராக வைத்திருக்கிறவர்கள். அவர்கள் பக்கம் நியாயம் இல்லை என்று சொல்ல மாட்டேன். இருந்தாலும் இந்தப் புழுக்கத்தில் பிற்பகல் இரண்டு மணிக்கு ஒரு டம்ளர் குடித்தால் நியாயம் கொஞ்சம் இந்தப் பக்கமும் சாய்கிறது.

ஒரு எச்சரிக்கை. இரண்டு கிராம் மட்சாவிலேயே ஏறத்தாழ ஒரு எஸ்பிரெசோ அளவு காஃபின் இருக்கிறது, அதற்கு மேல் காப்பியும் சேர்கிறது. உனக்குத்தான் இரவில் தூக்கம் வருவதில்லையே, மாலை நான்கு மணிக்கு மேல் தொடாதே. நிலாவுக்கு இரத்தத்தில் இரும்புச் சத்து குறைவு என்று போன கடிதத்தில் எழுதியிருந்தாய். தேநீரின் துவர்ப்புப் பொருள் கீரையிலும் பயறிலும் உள்ள இரும்பை உடல் முழுவதும் எடுத்துக்கொள்ள விடாது. மட்சாவில் இலையையே விழுங்குகிறோம். சாப்பாட்டோடும் இரும்பு மாத்திரையோடும் சேர்த்துக் குடிக்க வேண்டாம், நடுவில் ஒன்றிரண்டு மணி நேரம் விடச் சொல். மட்சா குடித்தால் எடை குறையும், தோல் மின்னும் என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டுப் போ.

செப்டம்பரில் இவருடன் வேலை பார்க்கும் தம்பி ஒருவர் திருச்சிக்கு வருகிறார். அவரிடம் இரண்டு சிறிய டின் கொடுத்தனுப்புகிறேன். நடுத்தரத் தூள்தான், பயப்படாதே. அவர் திரும்பும்போது கால் கிலோ பீபெரி அரைத்துக் கொடுத்துவிடு. கூடவே, உன் மாமியார் போடும் நார்த்தங்காய் ஊறுகாய் மிச்சம் இருந்தால் அதிலும் கொஞ்சம். டின் கசியாதபடி இரண்டு உறை போடு. போனமுறை வந்த மாவடுவின் எண்ணெய் அவருடைய சட்டைகளில் இன்னும் போகவில்லையாம்.

என்றும் உன்,
சுமதி