கார் கம்பெனிக்கு காசு, லேத் பட்டறைக்கு?

ஆசிரியர் சார், நான் ஆரம்பாக்கத்துல லேத் பட்டறை வச்சிருக்கேன், கொஞ்சம் தாண்டினா தடா, ஆந்திரா. நொடிச்சுப்போன கார் கம்பெனிய அரசாங்கம் காசு குடுத்து தூக்கி விடணுமான்னு கேக்குறாங்க. அமெரிக்காவுல 2009ல ஜெனரல் மோட்டார்ஸ் திவாலானப்ப சுமார் 5,000 கோடி டாலர் போட்டு, 2013 டிசம்பர்ல கடைசி ஷேர வித்து முடிச்சப்ப 1,000 கோடி டாலருக்கு மேல நஷ்டம், ஆனா நெறைய பேரு வேலை தப்பிச்சுது, அத மறுக்கல. பார்ட்ஸ் சப்ளையர் பாக்கிக்குன்னே 2009 மார்ச்சுல தனியா 500 கோடி டாலர் வரைக்கும் ஒதுக்கினாங்க பாருங்க, அதான் விஷயம். இங்க ஒரு கம்பெனி ஆர்டர நிறுத்தினதுல கடைஞ்சு வச்ச புஷ்ங்கற உருளை பார்ட்ஸ் நாலு சாக்கு மூலையில துருப்புடிச்சு கெடக்கு, பில்லுக்கு போன் பண்ணா எடுக்கறதில்ல, ஒடிசா பசங்க ரெண்டு பேரும் ஊருக்கு ரயிலேறிட்டாங்க. குடுக்கறதுன்னா எங்க பாக்கிய மொதல்ல தீக்கணும்னு கண்டிஷன் போட்டு குடுங்க.

– வாசகர், ஆரம்பாக்கம்