தக்கலை மரக்கடை வாசலில் சந்தித்த அண்ணாச்சிக்கு நன்றி

பழைய பஸ்ஸை வீடாக்குவதில் கதவுதான் பெரும்பாடு. பஸ்ஸின் பக்கவாட்டு மேலே போகப் போக உள்ளே வளையும். நேராகச் செய்த கதவு ஒரு மூலையில் துருத்தும். என் புலம்பலைக் கேட்ட நீங்கள் வேலையை விட்டுவிட்டு வண்டியைப் பார்க்கவே வந்துவிட்டீர்கள்! அட்டையை வாசலோடு ஒட்டிப் பிடித்து, வளைவைப் பென்சிலால் கோடு போட்டு வெட்டினீர்கள். அப்புறம் அந்த அளவுக்கே அயினி மரச் சட்டத்தை இழைத்தீர்கள்.

"ஓடுற வண்டி முறுக்கும் மக்களே, இறுக்கமா வச்சா கதவு பிடிச்சுக்கும்" என்று சுற்றிலும் இடைவெளி விட்டு, அதை அடைக்க ரப்பர் பீடிங் பட்டை ஒட்டச் சொன்னீர்கள். இரண்டு பருவமழையும் பெய்யும் குமரி மாவட்டத்தில் மரம் ஊதவும் இடம் வேண்டுமே. கூலியாக ஒரு டீ மட்டும் குடித்தீர்கள். அது நியாயமே இல்லை.

கதவு நன்றாக அடைகிறது, அண்ணாச்சி. வீட்டாரோடு ஒருநாள் வாருங்கள், முட்டம் கடற்கரை வரை போய் வரலாம்.