நிலாவில் குடியிருப்பவருக்கு எது பிறை? ஆலிம் பெருமக்களுக்கு ஒரு திறந்த மடல்

மார்க்கம் கற்றறிந்த, மதிப்பிற்குரிய ஆலிம் பெருமக்களுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

நோன்பு மாதமான ரமளானின் 29ஆம் நாள், சூரியன் மறையும் மக்ரிப் நேரத்தில் மொட்டை மாடியேறி மேற்கே பார்ப்பது காயல்பட்டினத்தில் எனக்குச் சின்ன வயதுப் பழக்கம். தென்னைகளுக்கு மேலே நகக்கீறல் போல ஒரு கோடு தெரிந்துவிட்டால் தெருவெல்லாம் பெருநாள்தான். அந்த நிலாவிலேயே ஒரு குடும்பம் குடியிருந்தால், அவர்கள் எந்தப் பிறையைப் பார்த்து நோன்பை முடிப்பார்கள்?

வீண் கற்பனை என்று தள்ளிவிடாதீர்கள். 2040க்குள் இந்தியர் ஒருவரை நிலாவில் இறக்குவது நம் அரசு அறிவித்த இலக்கு. எங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே, குலசேகரன்பட்டினத்தில், 2024 பிப்ரவரியில் ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். அது சிறிய செயற்கைக்கோள்களுக்கானது, ஆள் போவதற்கல்ல. ஆனாலும் இந்தக் கரைப் பிள்ளைகளின் ஆசை அதோடு நின்றுவிடுமா?

2007இல் மலேசிய மருத்துவர் ஷேக் முஸாஃபர் ஷுகூர் ரமளானின் கடைசி நாட்களில் விண்வெளி நிலையத்துக்குப் போனார். அங்கே ஒரு நாளில் 16 தடவை சூரியன் உதிக்கும். அதற்காக எண்பது வக்து (வேளை) தொழ வேண்டுமா? வேண்டாம், 24 மணி நேரத்துக்கு ஐந்து வக்துதான், புறப்பட்ட இடத்து நேரப்படி தொழுதுகொள்ளலாம் என்றார்கள் மலேசிய உலமாக்கள். கஅபாவை நோக்க முடியாவிட்டால் பூமியை நோக்கலாம், அதுவும் முடியாவிட்டால் இயன்ற திசை. நோன்பை விட்டுவிட்டுப் பிறகு ஈடு செய்யலாம் (களா). எவ்வளவு இலகுவான வழி!

ஆனால் அது முசாஃபிருக்கு, அதாவது பயணிக்கு. நாம் பின்பற்றும் ஷாஃபி மத்ஹபின் சட்டப்படி, நான்கு முழு நாள் தங்க நிய்யத் (எண்ணம்) வைத்தாலே ஒருவர் முகீம், அதாவது ஊரில் தங்கியிருப்பவர். வருஷக்கணக்கில் நிலாவில் இருப்பவரை எத்தனை காலம் பயணி என்று சொல்வது?

அங்கே ஒரு சூரிய உதயத்துக்கும் அடுத்த உதயத்துக்கும் நடுவே நம் கணக்கில் சுமார் 29½ நாள். உலக முடிவுக்கு முன் வரும் தஜ்ஜாலின் காலத்தில் ஒரு நாள் ஒரு வருடம் போல நீளும்போது தொழுகை நேரத்தைக் கணித்துக்கொள்ளச் சொன்னார்கள் நபி (ஸல்) அவர்கள். துருவப் பகுதி மக்களுக்கும் உலமாக்கள் அதை வைத்தே வழி காட்டினார்கள். சரி, வக்துக்கு ஆதாரம் இருக்கிறது. தொழும் திசையான கிப்லாவும் எளிது. நம்மை நோக்கிய பக்கத்தில் குடியிருந்தால் பூமி உதிப்பதுமில்லை, மறைவதுமில்லை. வானத்தில் ஏறக்குறைய ஒரே இடத்தில் நிற்கும்.

பிறைதான் சிக்கல். நாம் பிறை தேடும் மாலையில் அங்கிருந்து பார்த்தால் பூமி கிட்டத்தட்ட முழு வட்டமாக ஒளிரும், பிறையாகத் தெரியாது. தண்ணீர் இல்லாதபோது ஒளூவுக்குப் பதில் மண்ணைத் தொட்டு முகத்திலும் கையிலும் தடவும் தயம்முமும் யோசிக்க வேண்டியது. காற்றும் நீரும் படாத நிலாத் தூசி கண்ணாடித் தூள் போலக் கூரானது. அப்பல்லோ 17இல் போன ஹாரிசன் ஷ்மிட்டுக்கு அதைச் சுவாசித்து ஒவ்வாமையே வந்தது. அதை முகத்தில் தடவச் சொல்ல முடியுமா?

திரும்ப வழியில்லாத செவ்வாய்ப் பயணம் கூடாது, அது தற்கொலைக்குச் சமம் என்று 2014இல் அமீரக மார்க்க அமைப்பு சொன்னது. உயிர் அமானிதம் என்பதால் எனக்கும் அதில் உடன்பாடே. நிலா அப்படியல்ல, மூன்று நாளில் திரும்பிவிடலாம்.

ஒரே தெருவில் இரண்டு நாள் பெருநாள் கொண்டாடிய வருத்தம் எனக்கு இன்னும் ஆறவில்லை. அங்கேயும் அப்படி ஆகிவிடக் கூடாது. வானியல் அறிந்தவர்களோடு ஒருமுறை உட்காருங்கள். பேசியதை மதரஸா பிள்ளைகள் வாசிக்கும்படி தமிழில் எழுதி வையுங்கள்.

வஸ்ஸலாம்.