சேகருக்கு, பாடாத பையனைப் பற்றி

அன்புள்ள சேகர்,

இவ்வளவு நாள் பதில் போடாததற்கு வேண்டிய மட்டும் திட்டிக்கொள். வீட்டில் எல்லோரும் நலம், அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை. நீ தலைமை ஆசிரியர் ஆன சேதியை ஒட்டகம்தான் சொன்னான். உன்னை அந்த நாற்காலியில் பார்த்தால் நம் டிரில் சார் விசில் ஊதியே மாய்ந்துபோவார்!

சரி, விஷயத்துக்கு வருகிறேன். என் மகள் வகுப்பில் ஒரு பையன் காலைக் கூட்டத்தில் தேசிய கீதம் பாடுவதில்லை. நேராக நிற்கிறான், பேசுவதில்லை, சிரிப்பதில்லை, ஆனால் பாட மாட்டான். அவர்கள் வீட்டு மத நம்பிக்கை அப்படி. போன வாரம் எல்லோர் முன்னாலும் தனியாக நிறுத்திப் பாடச் சொன்னார்கள். அழுதான், பாடவில்லை. இப்போது மற்ற பிள்ளைகள் அவனைத் தேசத்துரோகி என்று கூப்பிடுகிறார்களாம். ஐந்தாம் வகுப்பில், சேகர்! அதை அவர்களுக்கு யார் கற்றுக்கொடுத்தது?

சின்ன வயதில் கட்டாயமாகப் பழக்கினால்தான் பற்று வரும் என்று நீ என்னிடம் விடிய விடிய சண்டை போட்டிருக்கிறாய். அதனால்தான் உனக்கு எழுதுகிறேன்.

இதே கதை 1985இல் கேரளத்தில் நடந்தது. யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறிஸ்தவப் பிரிவுக் குடும்பத்தைச் சேர்ந்த மூன்று பிள்ளைகள், எழுந்து நின்றார்கள், பாடவில்லை. ஒரு சட்டமன்ற உறுப்பினர் அதைப் பார்த்து அவையில் கிளப்ப, விசாரணைக் குழு போட்டார்கள். பிள்ளைகள் ஒழுங்கானவர்கள், அவமதிப்பு ஏதும் இல்லை என்று குழுவே சொன்னது, அப்படியும் பள்ளியிலிருந்து நீக்கிவிட்டார்கள். உயர் நீதிமன்றமும் கைவிட்டது. 1986 ஆகஸ்ட் 11இல் உச்ச நீதிமன்றம்தான், நீதிபதி சின்னப்ப ரெட்டியின் தீர்ப்பில், மரியாதையாக எழுந்து நிற்பதே போதும், பாடியே ஆகவேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை என்று சொல்லி அவர்களைத் திரும்பச் சேர்க்க உத்தரவிட்டது. தேசியச் சின்னங்களை அவமதிப்பதைத் தடுக்கும் 1971ஆம் ஆண்டுச் சட்டத்தை எடுத்துப் பார், தேசிய கீதத்தைப் பாடவிடாமல் வேண்டுமென்றே தடுப்பதும் பாடுகிற கூட்டத்தைக் குலைப்பதும்தான் குற்றம்.

அமெரிக்காவிலும் இப்படித்தான். கொடி வணக்கத்தைக் கட்டாயமாக்கலாம் என்று அவர்கள் உச்ச நீதிமன்றம் 1940இல் சொன்னது. அதற்கப்புறம், வணங்க மறுத்த இதே யெகோவாவின் சாட்சிகளை ஊர் ஊராக அடித்தார்கள். மூன்றே வருடத்தில், 1943இல், உலகப் போர் நடந்துகொண்டிருக்கும்போதே, அதே நீதிமன்றம் தன் தீர்ப்பை மாற்றிக்கொண்டது. நாடு சண்டையில் இருக்கும்போதே வற்புறுத்தாமல் இருக்க முடிந்திருக்கிறது, நமக்கு ஒரு காலைக் கூட்டத்தில் முடியாதா?

பாட்டு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எனக்கு அது பிடிக்கும், கூட்டமாகப் பாடும்போது இப்போதும் மெய் சிலிர்க்கும். அந்தச் சிலிர்ப்பு யாரும் மிரட்டி வந்ததில்லை என்பதுதான் என் வாதமே. மிரட்டினால் பிள்ளை வாயசைக்கப் பழகும், அவ்வளவுதான். மனதில் என்ன இருக்கிறது என்று எந்த ஆசிரியருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் ஒருவனைத் தனியாக நிறுத்தியதைப் பார்த்த மற்ற பிள்ளைகள், வேறு மாதிரி இருப்பவனை விரட்டலாம் என்று கற்றுக்கொண்டுவிட்டார்கள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

சனிக்கிழமை பெற்றோர் கூட்டம். தீர்ப்பின் நகலோடு போகிறேன், அந்தப் பையனின் அப்பாவும் வருகிறார். தலைமை ஆசிரியரிடம் எப்படிப் பேசினால் காதில் ஏறும் என்று உனக்குத்தான் தெரியும், அதற்குள் எழுது. உன் பள்ளியில் இப்படி ஒரு பிள்ளை இருந்தால் என்ன செய்வாய் என்பதையும் ஒளிக்காமல் சொல்.

அன்புடன்,
ரவி